சுராங்கனியைக் கரை சேர்த்த குரல்

சிலோன் மனோகர் என்று தமிழ்நாடு அறிந்த ஏ.இ.மனோகரன் இலங்கைத் தமிழர். மேடைப் பாடகர், நடிகர். அந்நாட்டு ரசிகர்கள் அவருக்குச் சூட்டிய பட்டம் ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’. 1972-இல் சிலோன் ஸ்ரீலங்கா ஆன பிறகும் அவர் பெயரோடு சிலோன் ஒட்டிக்கொண்டே இருந்தது.

அவர் பாடிய இசையின் வேர் பைலா என்ற ஆட்டப் பாட்டு. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசியர் இலங்கைக் கடற்கரையை ஆண்டபோது, அவர்களோடு ஆப்பிரிக்கர்களும் வந்தார்கள். ஆப்பிரிக்கர்களின் தாளமும் போர்த்துக்கீசியப் பாட்டும் கலந்து ‘கஃப்ரிஞ்ஞா’ ஆட்டம் பிறந்தது. போர்த்துக்கீசிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் திருமண வீடுகளில் அது இன்னும் ஆடப்படுகிறது. அதிலிருந்து வளர்ந்து, ஆறு எட்டுத் தாளத்தில் ஓடும் பைலாவைச் சிங்களத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டாக ஆக்கியவர் காவல்துறையில் பணியாற்றிய வாலி பஸ்தியன். ஜமைக்காவில் ஆப்பிரிக்க வழிவந்த மக்களிடையே ரெகே இசை உருவெடுத்ததும் ஏறக்குறைய இதே போன்ற கலப்பில்தான்.

ரெகே உலகுக்குத் தெரியவந்த 1960களின் பிற்பகுதியிலேயே ‘பொப்’ எனப்பட்ட ஈழத்துத் தமிழ்த் துள்ளிசையும் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் நித்தி கனகரத்தினம். ‘சின்ன மாமியே’ என்ற கேலிப் பாட்டும், கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்லும் பாட்டும் மாணவர் கூட்டங்களில் கிளம்பி ஊரெல்லாம் பரவின. கிதார் இருந்தாலே போதும். வழக்குப் பேச்சே பாட்டின் மொழி. 1970களில் இந்தியத் தமிழ் இதழ்களுக்கு இலங்கை அரசு கட்டுப்பாடு விதித்தபோது உள்ளூர்க் கலைகளுக்கு மேடை விரிந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் இந்தப் பாட்டுகளைத் தாராளமாக ஒலிபரப்பியது.

அந்த மேடையில் எல்லோரையும் மிஞ்சி நின்றவர் மனோகர். அடர்ந்த தலைமுடியோடு ஆடிப் பாடி, கூட்டத்தையும் சேர்ந்து பாட வைப்பது அவர் பாணி. அவருக்குப் புகழ் தேடித்தந்த ‘சுராங்கனி’யில் பெரிய கதை ஏதும் இல்லை. ஒரு பெண்ணுக்காகக் கொண்டுவரும் மீனைப் பற்றிய விளையாட்டுப் பாட்டு. சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து வரும். பல்லவி சில சொற்களே, ஒரு முறை கேட்டால் மனதில் நின்றுவிடும். இரு இனத்தாருக்கும் நடுவே பகை முற்றிய காலத்தில், இருவரும் சேர்ந்து கைதட்டிப் பாடிய பாட்டு என்பதே அதன் தனிச் சிறப்பு.

பாட்டு கடல் தாண்டியது. 1977-இல் வெளியான ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தினார். மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினார்கள். பிற இந்திய மொழிகளிலும் அது பாடப்பட்டது. 1978-இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ என்ற ஈழத்துப் படத்தில் மனோகர் நடித்தார். தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாகவும் துணை வேடங்களிலும், பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்களிலும் தோன்றினார். ஆயினும் மேடையில் அவர் காட்டிய வீச்சுக்கு ஈடான வேடத்தைத் திரையுலகம் கொடுக்கவில்லை.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் அலை அலையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். திருச்சி கொட்டப்பட்டிலும், துவாக்குடியை அடுத்த வாழவந்தான்கோட்டையிலும் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. அந்த மக்கள் விட்டு வந்த ஊரின் பாட்டு ‘சுராங்கனி’. தமிழ்நாட்டிலோ கல்லூரி விழாவிலும் சுற்றுலா பஸ்ஸிலும் ‘சுராங்கனி’யைப் பாடிய பலருக்கு அதன் ஊரும் தெரியாது, வேரும் தெரியாது.

மனோகர் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். தமிழ்நாட்டு இசை வரலாற்று நூல்கள் சினிமாப் பாட்டுக்குத் தரும் பக்கங்களில் சிலவற்றையாவது ஈழத்துப் பொப் இசைக்கும் ஒதுக்க வேண்டும். அந்த இசைத்தட்டுகளை வைத்திருப்பவர்கள் அவற்றைத் தூக்கி எறியாமல் நூலகங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.