பாடினது பிள்ளை, கை நீட்டினது யார்?

"பேரும் புகழும் தலைக்கேறிருச்சு, அதான் அழிஞ்சான்." சின்ன வயதில் மேடையேறிப் பெரிய பாட்டுக்காரனாகி, பிறகு போதையிலோ தனிமையிலோ செத்துப்போனவர்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கடைசியில் இந்த வரியில்தான் வந்து முடிகிறது. வசதியான வரி இது. செத்தவன்மேல் பழியைப் போட்டுவிட்டு மற்ற எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அந்தப் பிள்ளையின் குரலை விற்றது யார், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது யார், குரல் உடைந்த அன்றைக்குக் கைகழுவியது யார் என்ற கேள்விகள் எழாமலே போய்விடுகின்றன. அமெரிக்கக் கறுப்பினத்தில் பிறந்த ஒரு பையனின் வரலாற்றை வைத்து அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

ஃபிராங்கி லைமன் 1942 செப்டம்பர் 30இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தான். அப்பா லாரி ஓட்டினார். அம்மா வீட்டுவேலை செய்தார். இருவரும் சர்ச் பாட்டு பாடுகிறவர்கள். வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லை, காசுக்குத்தான் பஞ்சம். பத்து வயதிலேயே மளிகைக் கடையில் எடுபிடி வேலைக்குப் போனான். ஆக, மேடை வந்துதான் அவனுடைய குழந்தைப்பருவத்தைப் பறித்தது என்று சொல்வதும் முழு உண்மையாகாது. வறுமை ஏற்கெனவே பாதியைத் தின்றிருந்தது. மிச்சத்தை ரெக்கார்டு கம்பெனி எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் நியூயார்க் தெருமுனைகளில் பையன்கள் கூட்டமாக நின்று பாடுவார்கள். வாத்தியம் வாங்கக் காசு கிடையாது, வாயே வாத்தியம். 'டூ-வாப்' என்று அந்தப் பாட்டுக்குப் பேர். அப்படிப் பாடிக்கொண்டிருந்த நான்கு பையன்களோடு ஃபிராங்கி சேர்ந்தான். ஷெர்மன் கார்ன்ஸும் ஜிம்மி மெர்ச்சன்டும் கறுப்பினப் பிள்ளைகள். ஹெர்மன் சாந்தியாகோவும் ஜோ நெக்ரோனியும் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். 'தி டீனேஜர்ஸ்' என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். 1956 ஜனவரியில் 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்ற அவர்களுடைய முதல் ரெக்கார்டு வெளிவந்தது. கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம், அமெரிக்கப் பொதுப்பட்டியலில் ஆறாவது இடம், பிரிட்டனில் முதலிடம். முன்னணிக் குரல் ஃபிராங்கியுடையது. வயது 13.

இப்போது அந்த ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் பார்க்கவேண்டும். பாட்டை எழுதியவர் பெயர் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். இசைத் தொழிலில் அந்தப் பெயர் நிலத்துக்குப் பட்டா மாதிரி. ரெக்கார்டு விற்றாலும், ரேடியோவில் ஒலித்தாலும், வேறொருவர் திரும்பப் பாடினாலும் பட்டாக்காரருக்குக் காசு போகும். பிள்ளைகள் தெருமுனையில் பாடிப்பாடி உருவாக்கின பாட்டுக்குக் கம்பெனி முதலாளி ஜார்ஜ் கோல்ட்னரும் எழுத்தாளர் ஆகிவிட்டார். சாந்தியாகோவின் பெயர் காணாமல் போனது. மெர்ச்சன்டின் பெயர் ஏறவே இல்லை. கோல்ட்னர் தன் சொத்துகளை மோரிஸ் லெவி என்ற இன்னொரு முதலாளிக்கு விற்றார். பிறகு எழுத்தாளர் இடத்தில் லெவியின் பெயர் ஏறியது. நிலம் கைமாறினால் பட்டா மாறுவது சரி. பாட்டு எழுதினவரே மாறுவாரா? மாறினார்.

இதைச் சட்டம் பார்த்துக்கொண்டிருந்ததா என்று கேட்கலாம். அமெரிக்காவில் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் 1938இல் வந்தது. அதிலிருந்த விலக்குகளில் இரண்டை நாம் கவனிக்கவேண்டும். பள்ளி நேரம் போக வயலில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அந்தத் தடை கிடையாது. சினிமாவிலும் மேடையிலும் நடிக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. ரேடியோ, தொலைக்காட்சிக் கலைஞர்களும் பிறகு இந்த விலக்கில் சேர்க்கப்பட்டார்கள். தெற்கே பருத்திக் காட்டில் குனிந்து நின்ற கறுப்பினப் பிள்ளையும், வடக்கே வெளிச்சத்தில் நின்று பாடிய கறுப்பினப் பிள்ளையும் ஒரே சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஒன்றை உழைப்பு என்றார்கள், மற்றதைத் திறமை என்றார்கள். திறமை என்று பெயர் வைத்துவிட்டால் வேலை நேரம் பற்றியும் கூலி பற்றியும் யாரும் கேட்கமாட்டார்கள்.

1957 ஜூலையில் ஆலன் ஃப்ரீட் என்ற ரேடியோக்காரர் நடத்திய 'தி பிக் பீட்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஃபிராங்கி ஒரு வெள்ளைப் பெண்ணோடு ஆடினான். தெற்கு மாநில ஒளிபரப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு அப்போது 14 வயது. பாடலாம், வெள்ளைப் பிள்ளைகள் காசு கொடுத்து ரெக்கார்டு வாங்கலாம், ஆனால் பக்கத்தில் நின்று ஆடக்கூடாது. 'நான் குற்றம் செய்யும் சிறுவனல்ல' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாட்டை அதற்கு முந்தின வருடம்தான் ஒரு சினிமாவுக்காக அவன் பாடியிருந்தான். பாடி என்ன பிரயோசனம்?

அதே வருடத்தில் அவனைக் குழுவிலிருந்து பிரித்துத் தனியாளாகப் பாடவைத்தது கம்பெனி. கூடப் பாடிய பிள்ளைகளின் பிழைப்பு அங்கே முறிந்தது. இவனுக்கும் அதிகநாள் ஓடவில்லை. காரணம் இயற்கையானது: அவன் வளர்ந்தான். நம் நாடகக் கம்பெனிக்காரர்கள் இதை 'மகரக்கட்டு உடைவது' என்பார்கள். ஒவ்வொரு ஆண்பிள்ளையின் தொண்டையிலும் நடக்கிற காரியம்தான். ஆனால் கம்பெனி வாங்கியிருந்தது ஒரு மனிதனை அல்ல, அந்த உச்சக் குரலை. குரல் போனதும் கணக்கை முடித்துக்கொண்டார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது வளர்ச்சி, இவனுக்கு வேலைநீக்கம்.

தான் ஒருபோதும் குழந்தையாக இருந்ததில்லை என்று 1967இல் 'எபனி' இதழிடம் ஃபிராங்கி சொன்னான். தன்னைவிட இருமடங்கு வயதுள்ள ஒரு பெண் மூலமாக 15 வயதில் ஹெராயின் பழகியதையும் அங்கேதான் சொன்னான். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அப்படி நடந்துகொண்டதற்கு இன்று வேறு பெயர் இருக்கிறது. அன்றைக்கு அதையும் நட்சத்திர வாழ்க்கை என்றார்கள். சிகிச்சை எடுத்தான், மீண்டும் விழுந்தான். போதைக் குற்றத்தில் பிடிபட்டுச் சிறைக்குப் பதிலாகப் பட்டாளத்துக்குப் போனான். 1967இல் ஜார்ஜியாவில் ஒரு பள்ளி ஆசிரியையைக் கல்யாணம் செய்தான். மறுபடி பாடக் கூப்பிட்டார்கள் என்று நியூயார்க் வந்தான். 1968 பிப்ரவரி 27இல், ஹார்லெமில் பாட்டி வீட்டுக் குளியலறையில் ஊசியோடு செத்துக் கிடந்தான். வயது 25.

பாட்டு சாகவில்லை. 1981இல் டயானா ராஸ் அதைத் திரும்பப் பாடினார், பெரிய வெற்றி. காசு வரும் என்றதும் நீதிமன்றத்தில் மூன்று பெண்கள் தனித்தனியே 'நான்தான் அவன் மனைவி' என்று நின்றார்கள். அந்த ஆசிரியைதான் சட்டப்படி மனைவி என்று 1990இல் முடிவானது. சாந்தியாகோவும் மெர்ச்சன்டும் தனியே வழக்குப் போட்டார்கள். அவர்களும் பாட்டை எழுதியவர்களே என்று 1992இல் தீர்ப்பு வந்தது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. மூன்று வருடத்துக்குள் வந்திருக்கவேண்டும், காலம் கடந்துபோச்சு என்றது. பொய் என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை, தாமதம் என்றது. பதின்வயதில் ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் மூன்று வருடத்துக்குள் வக்கீல் பிடித்திருக்கவேண்டுமாம்!

"எல்லாருமா அழிஞ்சாங்க? ஸ்டீவி வொண்டர் நல்லாத்தானே இருக்கார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. அவரும் கறுப்பினம், ஏழை, கூடவே பார்வையற்றவர். 1963இல் 13 வயதில் முதலிடம் பிடித்தார். அவருக்கும் குரல் உடைந்தது. கம்பெனியும் கைவிட யோசித்தது. ஆனால் சில்வியா மோய் என்ற பாடலாசிரியை இவரை விடாதீர்கள் என்று வாதாடி, கூட உட்கார்ந்து பாட்டு எழுதினார். பார்வையற்றோர் பள்ளியில் படிப்பு தொடர்ந்தது. சம்பாத்தியத்தில் ஒரு பங்கு காப்பில் வைக்கப்பட்டிருந்தது. 1971இல் 21 வயதானதும் அதை வாங்கிக்கொண்டு, இனி என் பாட்டு என் கையில் என்று புதிய ஒப்பந்தம் பேசினார். புகழ் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். படிப்பும், சேமித்த காசும், பரிந்து பேச ஒரு ஆளும் ஒருவருக்கு இருந்தன. இன்னொருவனுக்கு இல்லை.

மைக்கேல் ஜாக்சனின் வாழ்க்கை இன்னும் சிக்கலானது. இண்டியானா மாநிலத்தின் கேரி என்ற எஃகு நகரத்தில் 1958இல் பிறந்தவர். அப்பா எஃகாலையில் கிரேன் ஓட்டியவர். 1970இல் ஜாக்சன் 5 குழுவின் நான்கு பாட்டுகள் வரிசையாக முதலிடம் பிடித்தன. பிள்ளை இன்னும் சின்னவனாகத் தெரியட்டும் என்று மோடவுன் கம்பெனி அவருடைய வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னது. 1975இல் கம்பெனியை விட்டு வெளியேறியபோது, குழுவின் பெயர்கூட அவர்களுடையதல்ல என்று தெரிந்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எதிரே விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து அழுததையும், அப்பாவிடம் வாங்கிய அடியையும் 1993இல் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார். அந்தக் கண்ணீர் உண்மை. அதே வருடம் அவர்மேல் சிறுவனைப் பாலியல் கொடுமை செய்ததாகப் புகார் எழுந்தது. அந்த வழக்கு 1994இல் பணம் கொடுத்து முடிக்கப்பட்டது. வேறொரு வழக்கில் 2005இல் விடுதலையானார். அவர் 2009இல் இறந்தபின், 2019இல் மேலும் இரண்டு பேர் ஆவணப்படத்தில் பேசினார்கள். இதைச் சொல்லாமல் அவருக்காக அழுவது நேர்மையில்லை. பறிகொடுத்த குழந்தைப்பருவம் ஒருவர்மீது இரக்கத்தை உண்டாக்கலாம். மற்ற குழந்தைகளின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தக்கூடாது.

சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரத்தின் பணத்தை அவருடைய தாயும் மாற்றாந்தந்தையுமே செலவழித்துத் தீர்த்த பிறகு, 1939இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிள்ளையின் சம்பாத்தியம் பிள்ளைக்கே சொந்தம் என்று அங்கே தெளிவாக எழுத 2000 வரை ஆனது. ஃபிராங்கி பிறந்த நியூயார்க்கில், வருமானத்தில் 15 சதவீதத்தைக் கட்டாயமாகக் காப்பில் வைக்கச் சொல்லும் சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. அவன் செத்து 35 வருடம் கழித்து.

அந்தப் பாட்டு இன்றும் எங்கோ ஒலித்துக்கொண்டிருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒவ்வொரு முறையும் வேலைக்குப் போய் வருகிறான். புகழ் தலைக்கேறிருச்சு என்று இனி யாராவது ஆரம்பித்தால், நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அது சரி, பட்டா யார் பேர்ல இருந்துச்சு?"