கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை உயர்வு: காரணங்களும் இடர்களும்

பொதுவாக, ஒரு கார் விற்பனை நிலையத்தை விட்டு வெளியேறும் நாளிலிருந்தே அதன் மதிப்பு குறையத் தொடங்குகிறது. ஆனால், கடந்த நூற்றாண்டில் தயாரிக்கப்பட்ட சில ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை ஆண்டுகள் செல்லச் செல்ல உயர்ந்து வருகிறது. 1955-ஆம் ஆண்டில் இரண்டு மட்டுமே உருவாக்கப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹவுட் கூபே கார்களில் ஒன்று, 2022-ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் ஸ்டட்கர்ட் நகரில் நடைபெற்ற ஏலத்தில் 13.5 கோடி யூரோவுக்கு விற்பனையானது. அதுவரை வேறு எந்தக் காரும் ஏலத்தில் இத்தொகையை எட்டியதில்லை.

ஏறியும் இறங்கியும் வந்த விலை

இச்சந்தையின் போக்கை அறிய, இத்தாலியின் ஃபெராரி 250 ஜிடிஓ கார் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1962 முதல் 1964 வரை 36 கார்கள் மட்டுமே தயாரிக்கப்பட்டன. அமெரிக்காவில் புதிய காரின் விலை சுமார் 18,000 டாலர். பந்தயத்தில் புதிய கார்கள் அதனை முந்தியபின், 1960-களின் இறுதியில் சில ஆயிரம் டாலருக்கே அது கைமாறியது.

1988-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நிறுவனர் என்சோ ஃபெராரி காலமானதும், அக்காலத்தில் ஜப்பானில் பெருகியிருந்த பணப்புழக்கமும் விலையைப் பன்மடங்கு உயர்த்தின. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தபோது விலையும் சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் பெரும் இழப்பைச் சந்தித்தனர். பின்னர் சந்தை மீண்டது. இவ்வகைக் கார் ஒன்று 2014-இல் 3.81 கோடி டாலருக்கும், மற்றொன்று 2018-இல் 4.84 கோடி டாலருக்கும், வேறொன்று 2023-இல் 5.17 கோடி டாலருக்கும் ஏலம் போயின.

மதிப்பைத் தீர்மானிப்பவை

எண்ணிக்கையின் குறைவு மட்டும் விலையை நிர்ணயிப்பதில்லை. சேசிஸ் எண், என்ஜின் எண், கியர் பெட்டி எண் ஆகியவை தொழிற்சாலைப் பதிவேட்டுடன் ஒத்துப்போக வேண்டும். முந்தைய உரிமையாளர்களின் வரிசை, பழுதுபார்த்த ரசீதுகள், பந்தயங்களில் பங்கேற்ற சான்றுகள் ஆகியவற்றையும் வாங்குவோர் ஆராய்கின்றனர். ஒரே ஆண்டில் தயாரான, தோற்றத்தில் வேறுபாடற்ற இரு கார்களில், ஆவணங்கள் முழுமையாக உள்ள கார் பல மடங்கு கூடுதல் விலை பெறக்கூடும். புதிதாக வண்ணம் பூசிய காரைவிட, மங்கிய நிலையிலும் அசல் வண்ணத்துடன் உள்ள கார் விரும்பப்படுவதும் உண்டு.

தலைமுறை மாற்றமும் முக்கியக் காரணமாகும். இளமையில் சுவரொட்டிகளில் கண்டு வியந்த காரை, வசதி வந்தபின் வாங்க விழைவோர் பலர். அதனால் ஃபெராரி எஃப்40, 1998-ஆம் ஆண்டுடன் உற்பத்தி நிறுத்தப்பட்ட காற்றால் குளிர்விக்கப்படும் என்ஜின் கொண்ட போர்ஷே 911 ஆகியவற்றுக்குத் தேவை பெருகியது. அரசின் விதிகளும் விலையைப் பாதிக்கின்றன. அமெரிக்காவில், அந்நாட்டுப் பாதுகாப்புத் தரத்திற்கேற்பத் தயாரிக்கப்படாத கார்களையும் 25 ஆண்டுகள் கடந்தபின் இறக்குமதி செய்யலாம். அவ்வாறு தகுதி பெற்ற ஜப்பானின் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார்களை அமெரிக்க ஆர்வலர்கள் நாடிச் சென்றனர்.

உரிமையாளர்களின் இக்கட்டு

விலை உயர்வு உரிமையாளர்கள் அனைவருக்கும் நன்மையாக அமைவதில்லை. விலை குறைந்திருந்த காலத்தில் ஓட்டி மகிழ்வதற்காக வாங்கியவர்கள், இப்போது கூடுதல் காப்பீட்டுத் தொகையும் உதிரிபாகச் செலவும் ஏற்க வேண்டியுள்ளது. சிறு விபத்தும் பெரும் மதிப்பிழப்பை ஏற்படுத்தும் என்பதால், பலர் காரை வெளியில் எடுக்கவே தயங்குகின்றனர். ஆனால், ஓடாத காரும் கெட்டுப்போகும். எண்ணெய் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் உலர்ந்து வெடிக்கும், பிரேக்குகள் இறுகும், டயர்கள் விறைத்துவிடும். காரை விற்கும் வரை உயர்ந்த மதிப்பு கைக்கு வருவதில்லை. செலவோ ஆண்டுதோறும் தொடர்கிறது. புதிய ஆர்வலர்களுக்கோ இக்கார்கள் எட்டாக்கனியாகிவிட்டன.

முதலீடாகக் கருதலாமா?

பிரிட்டனில் தனிநபரின் கார் விற்பனை லாபத்திற்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. இத்தகைய சலுகை முதலீட்டாளர்களையும் ஈர்த்துள்ளது. எனினும், காரிலிருந்து வட்டியோ ஈவுத்தொகையோ கிடைப்பதில்லை. நிறுத்துமிடம், பராமரிப்பு, காப்பீடு, ஏல நிறுவனத்தின் கட்டணம் ஆகியவற்றைக் கழித்தபின்னரே லாபத்தைக் கணக்கிட இயலும். சாதனை விலைகள் தலைப்புச் செய்தியாகின்றன. எதிர்பார்த்த விலை கிடைக்காமல் திரும்பிச் செல்லும் கார்கள் கவனம் பெறுவதில்லை.

இந்தியாவில் நடைமுறை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். சேசிஸ், வெளிக்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கான கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே இவ்வாகனங்களைச் சாலையில் இயக்கலாம். அன்றாடப் பயணத்திற்கோ வணிக நோக்கத்திற்கோ பயன்படுத்த அனுமதியில்லை. எனவே, பழைய கார் வாங்க விரும்புவோர், விலை பேசுவதற்கு முன் அதன் எண்களையும் ஆவணங்களையும் சரிபார்ப்பது இன்றியமையாதது.