எண்ணிறந்த புறாக்களும் எஞ்சிய ஒன்றும்

வெள்ளம் வடிந்ததை நோவாவுக்கு அறிவித்தது ஒரு புறா. பேழையில் இணை இணையாக உயிர்கள் காக்கப்பட்ட அந்த விவிலிய நிகழ்வை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி மகிழ்கிறோம். பேழை கிடைக்காத மற்றொரு புறாவின் வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வாழ்ந்த பயணிப் புறாக்கள் ஒரு காலத்தில் 300 முதல் 500 கோடி வரை இருந்தன என்பது அறிஞர் கணிப்பு. 1813ஆம் ஆண்டு கென்டக்கியில் அவற்றின் கூட்டம் கடந்தபோது, நண்பகல் ஒளி கிரகண வேளைபோல் மங்கியதென்றும், மூன்று நாள்கள் அப்பயணம் ஓயவில்லையென்றும் பறவை ஓவியர் ஆடுபோன் எழுதினார்.

அந்தப் பெருக்கமே அவற்றுக்குக் கேடாயிற்று. 'இத்தனை இருக்கையில் என்ன குறைந்துவிடும்?' என்று மாந்தர் எண்ணினர். 1857இல் ஒஹாயோ மாநில மேலவைக் குழு, இப்பறவைக்குப் பாதுகாப்பே தேவையில்லை என அறிக்கை தந்தது. பறவைகள் கூடு கட்டிய இடத்தைத் தந்தி வேடர்களுக்கு அறிவித்தது. கொன்றவற்றைப் புகைவண்டி நகரச் சந்தைகளுக்குச் சுமந்து சென்றது. 1878இல் மிச்சிகனின் பெட்டாஸ்கி அருகே இலட்சக்கணக்கில் அவை மடிந்தன. காடுகளும் அழிக்கப்பட்டன.

பெருங்கூட்டமாய்க் கூடியே குஞ்சு பொரித்த இனம் அது. ஒரு கூட்டுக்கு ஒரே முட்டை. கூட்டம் சிதறியபின் எஞ்சியவை பெருகவில்லை. சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இருந்த கடைசி ஆண் பறவை 1910இல் இறந்தது. மார்த்தா என்னும் பெண் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று மடிந்தது. அதனோடு அவ்வினமே முடிந்தது. வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டத்தை அந்நாடு 1918இல் இயற்றியது. பயணிப் புறாவுக்கு அது பயன்படவில்லை.

அரிதாகிவிட்டதைக் காக்கவேண்டும் என்பதை அனைவரும் ஒப்புவர். மலிந்து கிடப்பதையும் மதிக்கவேண்டும் என்பதே இப்பறவை புகட்டும் பாடம். எஞ்சிய இணையைக் கூண்டில் வைத்துப் பேணுவது மட்டும் நோவாவின் பணியாகாது. நம்மால் அழிந்த உயிரினங்கள் இனித் தம் இருப்பால் இறைவனைப் புகழ இயலாது எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் வருந்தினார். படைப்பின் புகழ்ப்பாடலில் ஒரு குரலை அடக்க நமக்கு உரிமையில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் வீட்டு முற்றத்திலும் இதைக் கற்பிப்போம். பறவைகள் பலவாய் இருக்கும்போதே கற்பிப்போம்.