தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து வந்த விதை

ரப்பர் விதை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வழவழப்பான ஓடு, அதில் பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுகள். காய் முற்றினால் வெயிலில் படாரென்று வெடித்து விதையைத் தூரத்தில் தெறிக்கவிடும். எண்ணெய்ச் சத்து மிகுந்த விதை என்பதால் சீக்கிரம் கெட்டுப்போகும். சில வாரம் தாமதித்தால் முளைக்காது. 1870களில் லண்டனில் இருந்த அதிகாரிகளுக்கு இது பெரும் கவலை.

1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டறிந்த பிறகு, எந்த இயந்திரமும் ரப்பர் இல்லாமல் ஓடாது என்ற நிலை வந்தது. நல்ல ரப்பரோ அமேசான் காட்டில்தான் கிடைத்தது. ஆலை தன்னுடையது, காடு அடுத்தவனுடையது என்பதை எந்தப் பேரரசும் நெடுநாள் பொறுத்துக்கொள்வதில்லை. வழியும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. காய்ச்சலுக்கு மருந்தாகும் சின்கோனாவை 1860இல் ஆண்டிஸ் மலையிலிருந்து பெயர்த்து நீலகிரியில் நட்ட கிளமெண்ட்ஸ் மார்க்கம்தான் ரப்பருக்கும் திட்டம் போட்டார்.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், பிரேசிலின் தபஜோஸ் ஆற்றையொட்டிய காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளைத் திரட்டிக் கப்பலேற்றினார். ஆயிரம் விதைக்குப் பத்து பவுண்டு என்று பேச்சு. காட்டுக்குள் நடந்து, பொறுக்கி, உலர்ந்த வாழையிலைகளுக்கு நடுவே அடுக்கிக் கூடை கட்டிக் கொடுத்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். விக்கமுக்குப் பின்னாளில் ‘சர்’ பட்டம் கிடைத்தது. பொறுக்கியவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அன்றைய பிரேசிலில் ரப்பர் விதை ஏற்றுமதிக்குத் தடை இல்லை, எனவே இது திருட்டாகாது என்று வாதிடுவோர் உண்டு. ஒரு நாட்டின் பிழைப்பையே கூடையில் அள்ளிச் சென்ற காரியத்தைச் சட்டப்புத்தகத்தை மட்டும் வைத்து அளக்க என்னால் முடியவில்லை.

லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை ஏறத்தாழ 2,700தான். அவற்றில் பெரும்பகுதி கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குப் போய், கம்பஹாவில் இருக்கும் ஹெனரத்கொட தோட்டத்தில் வேர் பிடித்தது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. பிற்காலத்தில் மலாயாவை மூடிய ரப்பர் மரங்களில் பெரும்பகுதி இந்த 22இன் வம்சம்.

தோட்ட முதலாளிகள் முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்களுக்குக் காப்பிதான் காசு. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவி, அதே காயத்தைத் திரும்பத் திரும்பக் கீறிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதே 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிளும் பின்னால் மோட்டார் காரும் ரப்பரைக் கேட்டுக்கொண்டே இருந்தன. நட்ட மரம் பால் தர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை யார் பொறுப்பது?

அந்த இடைவெளியை நிரப்பியது காங்கோவின் ரத்தம். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு 1885 முதல் 1908 வரை அந்த நாட்டையே தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தார். காட்டுக்கொடியிலிருந்து ரப்பர் எடுத்து வரவேண்டும். அளவு குறைந்தால் பெண்கள் பிணைக்கைதிகள், ஊர் தீக்கிரை. சுட்ட தோட்டாவுக்குக் கணக்காக வெட்டிய கைகளைச் சிப்பாய்கள் காட்ட வேண்டியிருந்தது. 1904இல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த ஒரு புகைப்படத்தில் ன்சாலா என்ற தகப்பன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே தரையில் அவருடைய ஐந்து வயது மகளின் கையும் பாதமும். அவர் அழவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. ஏகாதிபத்தியத்தின் காரணங்களைப் பற்றி எத்தனை தடித்த நூல் படித்தாலும், இந்தப் படத்தைப் பார்க்காமல் அது முழுமையாகாது என்பது என் எண்ணம்.

1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர், காட்டு ரப்பரை முந்தியது. அமேசான் நடுவே ஓபரா மாளிகை கட்டிக்கொண்ட மனௌஸ் நகரம் நொடித்துப்போனது. 1920 அளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து வந்தது.

விதை பிரேசிலுடையது, நிலம் மலாயாவுடையது, லாபம் லண்டனுடையது. உழைப்பு நம்முடையது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு கிராமங்களில் ஆள் சேர்க்கும் கங்காணி வந்து ஆசை காட்டினான். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவன் வேலையை எளிதாக்கின. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, வரிசை வீடுகளான லயங்களில் அடைந்தார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, பெயர் கொடுத்துவிட்டு இருட்டிலேயே பால்மரக் காட்டுக்குள் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். உளியால் ஒரு சீவல், கீழே பால் பிடிக்கும் மங்கு, அடுத்த மரம். நூற்றுக்கணக்கான மரங்களை முடித்துவிட்டுத் திரும்பி வந்து அத்தனை மங்கையும் வாளியில் கவிழ்க்க வேண்டும். முந்தின நாள் வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிள்ளைகள் உரித்தெடுத்தார்கள்.

1941இல் சிலாங்கூரின் கிள்ளான் பகுதித் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று நீண்ட கோரிக்கைகளில் ஒன்று இது: துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போக அனுமதி வேண்டும். அந்தச் சைக்கிளின் டயர் அவர்கள் வெட்டிய பாலில் ஆனது. கூலி உயர்வைவிட இந்தக் கோரிக்கைதான் துரைமாரை அதிகம் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். தலை நிமிர்ந்து எதிரே வருபவனுக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடம் இல்லை. அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, துருப்புகளை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான் படை வந்தது. அதற்கும் ரப்பர் வேண்டியிருந்தது. தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்து சயாம்–பர்மா ரயில்பாதைக்கு அனுப்பினார்கள். அங்கே பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள்.

மலாயாவின் விடுதலைக்குப் பிறகு பல தோட்டங்களில் பால்மரத்தை வெட்டிவிட்டு செம்பனை நட்டார்கள். தோட்டம் கைமாறியபோதும் வீட்டுமனை ஆனபோதும் தலைமுறைகளாக லயத்தில் இருந்த குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. பலருக்குக் குடியுரிமைப் பத்திரம்கூட இல்லை. செம்பனையின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. இன்று அதன் குலையை அறுக்க இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், ஊரில் வாங்கிய ஏஜெண்டு கடனோடு.