கான்சாபுரமும் குறிபார்க்கும் ஒளியும்

திருவில்லிபுத்தூர் வட்டாரத்து மலையடிவார ஊராகிய கான்சாபுரத்தின் பெயர், கான் சாகிபு என்னும் மருதநாயகம் யூசுப்கானைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது. கும்பினியின் சிப்பாய்ப்படைக்குத் தலைமை தாங்கி, பின் அதனையே எதிர்த்து, 1764 அக்டோபர் 15-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் அவர். நாம் இங்குப் பேசப்புகுவது அவர் வீரத்தையன்று. அவர் காலத்துத் துப்பாக்கி குறிபார்த்த விதத்தை.

கும்பினிச் சிப்பாயின் சக்கிமுக்கித் துப்பாக்கியில் கண்ணருகே குறிகாட்டி ஏதுமில்லை. குழல்நுனியில் ஈட்டிமுனையைப் பொருத்தும் சிறு முளையே வழிகாட்டி. நூறு கஜத்திற்கு அப்பால் தனியொருவனைச் சுடுவது அரிது. ஆகவே வரிசையாக நின்று ஒருசேரச் சுட்டனர். தேய்ந்த கல்லை மாற்றுவதும், மருந்தை ஈரம் படாமல் காப்பதும் அன்றாடப் பணி.

பாளையக்காரர் வீரரிடம் இருந்ததோ திரித் துப்பாக்கி. எரியும் திரியின் கங்கு இருளில் சுடுபவனையே காட்டிக்கொடுக்கும். இன்றைய லேசர் குறிகாட்டிக்கும் இக்குறை உண்டு. கண்ணுக்குப் புலப்படும் கதிர், புகையிலும் பனியிலும் தான் புறப்பட்ட இடத்தையும் காட்டிவிடும். எனவேதான் இரவுப்பார்வைக் கருவிக்கு மட்டும் தெரியும் அகச்சிவப்பு ஒளியைப் படைகள் நாடின.

1801 டிசம்பரில் கும்பினி அரசு, பாளையத்தார் ஆயுதங்களை ஒப்படைக்க ஆணையிட்டது. துப்பாக்கிகளோடு அவற்றைப் பேணிய கையறிவும், உறுப்புகளுக்கு வழங்கிய தமிழ்ச்சொற்களும் நம்மைவிட்டு அகலலாயின. அவற்றுள் ஒன்றிரண்டேனும் நம் வீட்டு முதியோர் நாவில் எஞ்சியிருப்பின், இன்றே குறித்து வைப்போம்.