இறக்கத்தில் மிதிவண்டியின் வேகம்

இறக்கத்தில் மிதிவண்டியின் வேகம் என்பது, பெடலை மிதிக்காமலோ மிதித்தபடியோ சரிவான பாதையில் இறங்கும் மிதிவண்டி புவியீர்ப்பின் உதவியால் எட்டும் வேகத்தைக் குறிக்கும். சமதளத்தில் சாதாரணமாக மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், மலைச்சரிவில் எந்த முயற்சியும் இன்றி 50 கிலோமீட்டரைத் தாண்ட முடியும். பனிச்சரிவில் இதற்கெனவே உருவாக்கப்பட்ட வண்டிகள் 220 கிலோமீட்டரையும் கடந்துள்ளன. வேகத்தைப் புவியீர்ப்பு இலவசமாகத் தந்துவிடுகிறது. அதை அடக்கும் வழியைத்தான் மனிதர் தேட வேண்டியிருந்தது. இவ்வேகத்தின் வரலாறு பெரும்பாலும் பிரேக்கின் வரலாறாகவே இருப்பதற்குக் காரணம் இதுவே.

சமதளத்தில் ஒரு கணக்கு

சென்னையின் மேற்குப் புறநகரில், ஆவடியை ஒட்டி அமைந்துள்ள பகுதி சேக்காடு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரம் முழுவதும் ஏரிகளும் தாழ்வான வயல்களும் நிறைந்திருந்த சமநிலம். இங்கு வளரும் ஒரு சிறுவனுக்கு ஏரிக்கரையும் இரயில்வே மேம்பாலமுமே மலை.

6 மீட்டர் உயரமுள்ள ஒரு மேம்பாலத்தின் உச்சியிலிருந்து மிதிக்காமல் இறங்கும் வண்டியை எடுத்துக்கொள்வோம். காற்றும் உராய்வும் அறவே இல்லையென்றால் அடிவாரத்தில் அதன் வேகம் மணிக்கு 39 கி.மீ. ஆக இருக்கும். சரிவு 30-க்கு 1 என்றும், ஓட்டுபவர் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார் என்றும் கொண்டால், காற்றுத் தடையையும் டயரின் உராய்வையும் கழித்த பின் கிடைப்பது ஏறத்தாழ 27 கி.மீ. மட்டுமே. அதற்குள் பாலம் முடிந்துவிடும். மேம்பாலச் சரிவு குறுகியது என்பதால் ஆபத்தும் ஒரு வரம்புக்குள் நின்றுவிடுகிறது. மலைப்பாதையில் இந்த வரம்பு இல்லை.

வேகம் எங்கே நிற்கும்?

நீண்ட சரிவில் வேகம் கூடிக்கொண்டே போவதில்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். ஒரு கட்டத்தில் கீழே இழுக்கும் விசையும் தடுக்கும் விசையும் சமமாகிவிடும். அதன்பின் வேகம் மாறாது. இதனை முற்று வேகம் என்பர்.

100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சாலையில், வண்டியும் ஆளும் சேர்ந்து 90 கிலோகிராம் என்று கொண்டால், நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் முற்று வேகம் ஏறத்தாழ 53 கி.மீ. வளைந்த கைப்பிடி கொண்ட பந்தய வண்டியில் குனிந்து செல்பவர் எடை குறைவாக இருந்தாலும் 65 கி.மீ. அளவுக்கு எட்டுவார். காரணம், காற்றை எதிர்கொள்ளும் பரப்பு குறைவதே.

எல்லாப் பொருள்களும் ஒரே வேகத்தில் விழும் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இங்கு ஓர் ஐயம் எழலாம். அந்த விதி காற்றில்லாத இடத்துக்கு உரியது. காற்றில், எடை கூடினால் முற்று வேகமும் கூடும். அதே 8 விழுக்காட்டுச் சரிவில், அதே வண்டியில் பின்னால் கேரியரில் இன்னொருவரை ஏற்றி 'டபுள்ஸ்' போனால் வேகம் 53-இலிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. ஆகிவிடும். பிரேக்கோ ஒருவருக்கென அமைந்த அதே பிரேக்தான்.

தொடக்க காலம்

இருசக்கர மிதிவண்டியின் முன்னோடி, செருமனியைச் சேர்ந்த கார்ல் வொன் டிரைசு என்பவர் உருவாக்கிய மரவண்டி. 1817 ஆம் ஆண்டு சூன் 12 அன்று மான்கைம் நகரிலிருந்து அதில் புறப்பட்ட அவர், சுவெட்சிங்கன் சாலையில் இருந்த ஒரு குதிரை மாற்றும் நிலையம் வரை சென்று ஒரு மணி நேரத்துக்குள் திரும்பினார். அவ்வண்டிக்கு பெடல் இல்லை. கால்களால் தரையை உந்தி ஓட்ட வேண்டும். இறக்கம் வந்தால் கால்களைத் தூக்கிக்கொள்ளலாம். அவ்வகையில் சரிவில் இறங்குவது மிதிவண்டிப் பயணத்தின் முதல் நாளிலிருந்தே உடன்வரும் இன்பம் எனலாம்.

1870களில் பரவிய உயரச்சக்கர வண்டியில் முன்சக்கரம் ஒன்றரை மீட்டர் வரை உயரமானது. ஓட்டுபவர் ஏறத்தாழ அச்சாணிக்கு நேர்மேலே அமர்ந்திருப்பார். முன்சக்கரத்தில் கரண்டி வடிவப் பிரேக்கைச் சற்று அழுத்தினாலும், ஒரு கல் தடுத்தாலும், ஆள் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். பெடல்கள் சக்கரத்தோடு பிணைந்திருந்ததால் இறக்கத்தில் அவை கட்டுக்கடங்காமல் சுழலும். எனவே பலர் கால்களைக் கைப்பிடிக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினர். விழ நேர்ந்தால் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் தரையைத் தொடட்டும் என்பதே நோக்கம். இக்காலத்தில் பிரித்தானிய மிதிவண்டிக் கழகங்கள் செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டன. வாகன ஓட்டிகளுக்கான சாலைக் குறிகளில் அவை மிக முந்தியவை.

1885 ஆம் ஆண்டு ஜான் கெம்ப் ஸ்டார்லி அறிமுகப்படுத்திய 'ரோவர்' வண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை; பின்சக்கரத்தைச் செயின் இயக்கியது. ஆள் சக்கரங்களுக்கு இடையே தாழ்வாக அமர்ந்ததால் தலைகுப்புற விழும் ஆபத்து பெரிதும் குறைந்தது. 1888 ஆம் ஆண்டு ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் டயர் ஆலை ஒன்று பின்னாளில் அம்பத்தூரில் இயங்கியது.

பிரீவீலும் பிரேக்கும்

ரோவர் வகை வண்டிகளிலும் தொடக்கத்தில் பெடல் சக்கரத்தோடு சேர்ந்தே சுழன்றது. ஒரு பெடல் சுற்றுக்கு 5 மீட்டர் செல்லும் வண்டி 45 கி.மீ. வேகத்தில் இறங்கினால், பெடல் நிமிடத்துக்கு 150 முறை சுற்றும். கால் அதைப் பின்தொடர்வது கடினம். முன் கவட்டையில் பொருத்திய சிறு கட்டைகள் மேல் கால்களை வைத்துக்கொண்டு, பெடல்களைத் தன்போக்கில் சுழலவிடுவது அன்றைய வழக்கம்.

சக்கரம் சுழலும்போதும் பெடலை அசையாமல் நிறுத்தும் அமைப்பே பிரீவீல். இன்றும் சைக்கிளைத் தள்ளும்போது 'கிர்ர்' என்று ஒலிப்பது அதிலுள்ள பற்களே. இக்கருத்து முன்பே அறியப்பட்டிருந்தாலும் 1890களின் இறுதியில்தான் பரவலாகியது. அதனால் ஒரு புதிய சிக்கல் பிறந்தது. பிணைந்த பெடலைக் கால்களால் எதிர்த்து மிதித்தே பலர் வேகத்தைக் குறைத்துவந்தனர். பிரீவீல் வந்ததும் அந்த வழி அடைபட்டது. தனியான, நம்பகமான பிரேக் கட்டாயமாகியது. ரிம்மை அழுத்தும் பிரேக்குகளும், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் அச்சுப் பிரேக்குகளும் அதையொட்டியே பெருகின. எர்ன்ஸ்ட் சாக்சின் புகழ்பெற்ற 'டார்பிடோ' அச்சுப் பிரேக் 1903 ஆம் ஆண்டில் வந்தது.

அம்பத்தூரின் மிதிவண்டிகள்

முருகப்பா குழுமமும் பிரித்தானியாவின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்சு நிறுவனமும் இணைந்து 1949 ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை சேக்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே அம்பத்தூரில் அமைந்தது. பிரித்தானிய நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்போர்டின் பெயரில் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையும் உள்ளது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களில் இந்நிறுவனத்தின் வண்டிகள் விற்பனையாயின.

இவற்றுள் பெரும்பான்மையானவை 'ரோட்ஸ்டர்' எனப்படும் கனமான வகை: 28 அங்குலச் சக்கரம், எஃகுச் சட்டகம், ஏறத்தாழ 20 கிலோகிராம் எடை, பின்னால் உறுதியான கேரியர். பால்கேனும் நெல்மூட்டையும் ஏற்றிச் சமதளத்தில் செல்வதற்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அரிது. இதன் பிரேக்கும் அதற்கேற்றதே. கைப்பிடியிலிருந்து இறங்கும் இரும்புக் கம்பிகள் பிரேக் கட்டைகளை மேல்நோக்கி இழுத்து ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும். தெருவோரக் கடையில் ஒரு ஸ்பேனரைக் கொண்டே இதைச் சரிசெய்துவிடலாம்.

ஆனால் மழையில் நனைந்த எஃகு ரிம்மில் ரப்பர்க் கட்டையின் பிடிப்பு பெரிதும் குறைந்துவிடும். வழக்கமான 15 கி.மீ. வேகத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. 45 கி.மீ. வேகத்தில் வண்டியின் இயக்க ஆற்றல் அதைப்போல் ஒன்பது மடங்கு. அதே பிரேக்கால் நிற்பதற்குத் தேவையான தொலைவும் சமதளத்திலேயே ஒன்பது மடங்கு. இறக்கத்தில் இன்னும் கூடும். ரோட்ஸ்டரின் குறையாக இதைச் சொல்ல முடியாது. சமவெளிக்காகச் செய்த வண்டி மலைக்குப் போகும்போது ஏற்படும் பொருந்தாமை இது.

பந்தயமாகிய இறக்கம்

கனமான பழைய வண்டிகளே இறக்கப் பந்தயத்துக்கும் வித்திட்டன என்பது வரலாற்றின் வேடிக்கை. 1976 ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பைசு மலைக்கு அருகே சில இளைஞர்கள் தடித்த டயர் கொண்ட பழைய வண்டிகளில் மண்பாதை வழியே இறங்கிப் போட்டியிட்டனர். சுமார் 3.4 கி.மீ. தொலைவில் 400 மீட்டர் இறங்கும் பாதை அது. பின்சக்கர அச்சுப் பிரேக் சூடேறி உள்ளிருந்த கிரீசு புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் அடைக்க வேண்டும். அதனால் அப்பந்தயத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர் ஏற்பட்டது. அங்கு கேரி பிசர் பதிவு செய்த நேரம் 4 நிமிடம் 22 நொடி. சராசரி வேகம் 46 கி.மீ. ஜோ பிரீசு, சார்லி கெல்லி போன்றோரும் அங்கு உருவானவர்களே. அவர்களின் சோதனைகளிலிருந்து இன்றைய மலைமிதிவண்டி பிறந்தது. 1990 ஆம் ஆண்டு கொலராடோவின் துராங்கோ நகரில் நடந்த உலக வாகையர் போட்டியில் இறக்கப் பந்தயமும் இடம்பெற்றது.

தார்ச்சாலைப் பந்தயங்களில் வீரர்கள் இறக்கத்தில் 100 கி.மீ. வேகத்தைத் தாண்டுவதுண்டு. அதற்கான விலையும் பெரிது. 1995 ஆம் ஆண்டு சூலை 18 அன்று பிரான்சு சுற்றுப் பந்தயத்தில், போர்டெ டாசுபெட் கணவாயின் இறக்கத்தில் விழுந்த இத்தாலிய வீரர் பாபியோ கசார்டெல்லி உயிரிழந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. எனினும் தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமானது, பாரிசு–நீசு பந்தயத்தில் கசக்கசுத்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் இறந்த 2003 ஆம் ஆண்டில்தான். காற்றுத் தடையைக் குறைக்க இருக்கையை விட்டு இறங்கிச் சட்டகத்தின் மேல்குழாயில் அமர்ந்து செல்லும் முறையை 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் தடை செய்தது.

உச்ச வேகப் பதிவுகள்

இறக்க வேகத்தில் நெடுங்காலம் ஈடுபட்டவர் பிரான்சைச் சேர்ந்த எரிக் பரோன். 2002 ஆம் ஆண்டு நிக்கராகுவாவின் செர்ரோ நெக்ரோ எரிமலைச் சரிவில் 172 கி.மீ. வேகத்தை எட்டியபோது அவரது வண்டி உடைந்தது. பலத்த காயங்களுடன் உயிர் தப்பினார். 2017 ஆம் ஆண்டு மார்ச்சு 18 அன்று, 56ஆம் அகவையில், பிரான்சின் வார் பனிச்சரிவில் 227.72 கி.மீ. வேகத்தைப் பதிவு செய்தார். ஆசுதிரியாவின் மார்க்கசு சுடோக்கல், கடையில் விற்கும் வகை வண்டியில் 2016 ஆம் ஆண்டு சிலியின் அட்டக்காமா பாலைவனச் சரிவில் 167.6 கி.மீ. எட்டினார்.

மிதிவண்டியில் எட்டப்பட்ட மிக உயர்ந்த வேகம் இறக்கத்துக்கு உரியதன்று. 2018 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொன்வில் உப்புச் சமவெளியில் டெனிசு முல்லர்-கோரெனெக் 296 கி.மீ. வேகத்தை எட்டினார். முன்னே சென்ற ஒரு பந்தயக் கார் அவருக்காகக் காற்றைக் கிழித்துச் சென்றது. காற்றுத் தடை விலகினால் மலையே தேவையில்லை என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டின் மலைப்பாதைகள்

ஏலகிரிக்கு 14, ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 எனக் கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கையாலேயே தமிழ்நாட்டு மலைச்சாலைகள் அறியப்படுகின்றன. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 வளைவுகள் உள்ளன. 2008 ஆம் ஆண்டு தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' மிதிவண்டிப் பயணத்தால் கல்லட்டிச் சாலை ஓட்டுநர்களிடையே பெயர் பெற்றது. அங்கு பேசப்படுவது பெரும்பாலும் ஏற்றமே. இவற்றுள் சேக்காட்டு இளைஞர் ஒருவருக்கு அருகிலுள்ள மலை ஏலகிரி. ஆவடி வழியாகச் செல்லும் இரயில் பாதையிலேயே சோலையார்பேட்டை வரை போய்விடலாம்.

இச்சாலைகளில் நேர்பகுதி 50 கி.மீ. வேகத்தைத் தரும். 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவோ உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 25 கி.மீ. வேகத்தையே பாதுகாப்பாக அனுமதிக்கும். மணலோ ஈரமோ இருந்தால் அதைவிடக் குறைவு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், பிரேக்தான் ஈடுகட்ட வேண்டும்.

90 கிலோகிராம் எடை 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 880 கிலோஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகமாகச் சென்றால் அதன் பெரும்பகுதியைக் காற்று உள்வாங்கும். மிக மெதுவாக, பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் அத்தனையும் ரிம்முக்கும் கட்டைக்கும் போகும். ரிம் அளவுமீறிச் சூடேறினால் டியூப் வெடிக்கலாம். ஆகவே அனுபவமுள்ளவர்கள் பிரேக்கைத் தொடர்ந்து பிடிப்பதில்லை. நேர்பகுதியிலேயே இரு பிரேக்குகளையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்முன் விட்டுவிடுகின்றனர். நீண்ட இறக்கத்தில் இடையிடையே நின்று ரிம்மை ஆறவிடுகின்றனர்.

அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கும் இதே கணக்குத்தான். மலைக்குப் புறப்படும் முன் பிரேக் கட்டையின் தேய்மானத்தையும் பிரேக் கம்பியின் இறுக்கத்தையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கேரியரில் நண்பர் அமர்ந்திருந்தால், இறக்கம் தொடங்கும் இடத்தில் அவரை இறங்கச் சொல்லி, இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதே சரி.