ரவாங் ஈயம் போன வழி

கோலாலம்பூர் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1894ல், வடக்கே இருபது மைலில் இருந்த ரவாங்கில் ஓர் ஈயலம்பத்துக்கு, அதாவது வெள்ளீயச் சுரங்கத்துக்கு, மின்சாரம் வந்துவிட்டது. மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவாகியிருக்கும் முதல் இடம் அதுதான். காலனி அரசாங்கத்துக்கு அதில் பங்கில்லை. குழியில் ஊறிய தண்ணீரை இறைக்க இரண்டு முதலாளிகள் சொந்தப் பணத்தில் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார்கள். ஒருவர் லோக் இயூ, மற்றவர் கே. தம்புசாமி பிள்ளை.

பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்தவர் என்றுதான் நாம் பிள்ளையை அறிவோம். 1850ல் சிங்கப்பூரில் பிறந்து, அங்கேயே ஆங்கிலம் படித்து, வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு 1870களில் கோலாலம்பூர் வந்தவர் அவர். லோக் இயூ சிறுவனாகச் சீனாவிலிருந்து வந்து, கடைச் சிப்பந்தியாகச் சேர்த்த 99 வெள்ளியில் சொந்தக் கடை போட்டவர். பேராக் ஈயத்தில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் சிலாங்கூரில் கால் ஊன்றினார். ஒரு குமாஸ்தாவும் ஒரு கடைப் பையனும் கூட்டுச் சேர்ந்து லம்பம் நடத்தினார்கள். திறந்த சந்தையைப் புகழ்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ரவாங் ஈயத்துக்காகப் பாறையை உடைக்க வேண்டியதில்லை. கருங்கல் மலைகளை மழையும் ஆறும் அரித்து, பள்ளத்தாக்கில் படியவிட்ட கருமணல் அது. மேல்மண்ணை வெட்டி எறிந்தால் சரளை வரும், சரளைக்குள் ஈயமண். அதைத் தண்ணீரோடு சேர்த்து மரத்தாலான சாய்வு வாய்க்காலில் ஓடவிடுவார்கள். பாலோங் என்று அதற்குப் பெயர். சாதாரண மணல் அடித்துக்கொண்டு போய்விடும்; அதைப் போல இரண்டரை மடங்கு கனமுள்ள ஈயமண் குறுக்குக் கட்டைகளில் தங்கிவிடும். கழிவோடு தப்பிப் போனதைப் பெண்கள் டூலாங் என்ற மரத்தட்டில் சுழற்றிச் சுழற்றி அலசி எடுப்பார்கள்.

குழி ஆழமாக ஆழமாகத் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டு. அதை இறைக்கும் செலவு கட்டுப்படியாகுமா என்பதை லண்டன் விலை முடிவு செய்தது. 1890களின் முதல் பாதியில் அந்த விலை இறங்குமுகம். செலவைக் குறைத்தவன் நிற்பான், மற்றவன் குழியை மூட வேண்டியதுதான். அப்படிப்பட்ட நேரத்தில் மின்சாரத்தில் பணத்தைப் போடத் துணிச்சல் வேண்டும். போட்டியும் விலையும் சேர்ந்து நெருக்கும்போது புதியது பிறக்கும் என்பதற்கு ரவாங் ஓர் உதாரணம்.

குழிக்குள் இறங்கினால் வேறு கதை. அக்கால லம்பங்களில் கூலிக் கணக்கை வருடத்துக்கு ஓரிரு முறைதான் தீர்ப்பார்கள். அதுவரை அரிசி, எண்ணெய், அபின் எல்லாம் முதலாளி கணக்கில் கடன். சந்தை விலையைவிட அங்கே விலை கூடுதல். கணக்குத் தீரும் நாளில் பலருக்குக் கையில் மிஞ்சுவது கடன்தான். அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் வரி வசூலை அரசு குத்தகைக்கு விட்டது. பெரிய குத்தகைதாரர்களில் லோக் இயூவும் ஒருவர். ஈயம் வாங்க விற்கத் திறந்திருந்த சந்தை, ஈயம் எடுத்தவனுக்கு ஒரே கடையாகச் சுருங்கிப் போனது.

அலசி உலர்த்திய ஈயமண் மூட்டையில் ஏறியது. மூட்டை ரயிலில் ஏறியது. ஈயத்தின் மீது விதித்த ஏற்றுமதி வரியில்தான் அந்த ரயிலே ஓடியது. பாதை போட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். அவர்களைத் தமிழகத்திலிருந்து தருவித்த வேலையிலும் பிள்ளைக்குப் பங்குண்டு. கிள்ளானிலிருந்து கப்பலில் சிங்கப்பூர். அங்கே பூலாவ் பிரானி தீவில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனியின் உருக்காலை 1890ல் தொடங்கியிருந்தது. காட்டு மரத்தைக் கரியாக்கி உருக்கிய பழைய சீன உலைகளை இந்த நிலக்கரி உலை மெல்ல ஓரங்கட்டியது. ஈயமண்ணுக்கு ரொக்கம் கிடைத்தது சுரங்கக்காரர்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் கம்பெனியும் சிலாங்கூர் ஈயமண்ணை ஏற்றுமதி செய்யும் தனி உரிமையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொழிலைத் தொடங்கியது.

வெள்ளி நிறப் பாளமாக மாறிய ஈயம் லண்டனுக்குப் போனது. 1877ல் அமைந்த லண்டன் உலோகச் சந்தையில் இன்றும் மூன்று மாதத் தவணை வியாபாரம் உண்டு. சிலியிலிருந்து தாமிரமும் மலாயாவிலிருந்து ஈயமும் கப்பலில் வந்துசேர ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடித்ததால் ஏற்பட்ட வழக்கம் அது. சரக்கு கடலில் இருக்கும்போதே விலை பேசி முடிக்கலாம். நடுவில் விலை விழுந்தாலும் விற்றவருக்குப் பயமில்லை. தரகருக்கும் கம்பெனிக்கும் கிடைத்த இந்தப் பாதுகாப்பு குழியில் நின்றவனுக்குக் கிடைக்கவில்லை.

அதன் விளைவு பெருமந்தத்தில் தெரிந்தது. 1926ல் டன்னுக்கு 290 பவுனை ஒட்டியிருந்த ஈயம் 1931ல் 120 பவுனுக்குக் கீழே போனது. ரப்பரும் கூடவே விழுந்தது. லம்பத்துச் சீனர்களையும் தோட்டத்துத் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். இனி சந்தையை அதன் போக்கில் விடக் கூடாது என்று ஈயம் விளையும் நாடுகள் கூடி, 1931 முதல் உற்பத்திக்கு ஒதுக்கீடு வைத்தன. 1956ல் அனைத்துலக ஈய மன்றம் வந்தது. விலை இறங்கினால் மன்றம் வாங்கி இருப்பு வைக்கும், ஏறினால் விற்கும். கால் நூற்றாண்டுக்குமேல் அது ஒருவாறு ஓடியது.

பிறகு பேராசை வந்தது. 1981ல் மலேசிய அரசின் பின்புலத்தோடு, இரண்டு ரிங்கிட் முதலோடு பதிவான மமின்கோ என்ற நிறுவனம் லண்டனில் ரகசியமாக ஈயத்தை வாங்கிக் குவித்தது. விலை எகிறியது. கையில் சரக்கில்லாமல் விற்றிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். லண்டன் சந்தை என்ன செய்தது? சரக்கைக் கொடுக்க முடியாதவர்கள் அபராதம் கட்டினால் போதும் என்று 1982ல் விதியையே மாற்றியது. விலை சரிந்தது; நட்டம் மலேசியாவின் தலையில். பிரதமர் மகாதீர் இதை 1986ல்தான் ஒப்புக்கொண்டார். நாம் செய்தது தவறுதான். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு ஆபத்து என்றதும் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றிக்கொள்ளும் இடத்தைச் சுதந்திரச் சந்தை என்று எப்படிச் சொல்வது?

மன்றம் தாங்கிப் பிடித்த விலையைப் பார்த்து, அதில் சேராத பிரேசில் தோண்டித் தள்ளியது. டப்பா செய்பவர்கள் அலுமினியத்துக்கு மாறினார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே இருந்த மன்றத்தின் பணம் 1985 அக்டோபர் 24ல் தீர்ந்தது. லண்டனிலும், ஓராண்டுக்கு முன்தான் தொடங்கியிருந்த கோலாலம்பூர் ஈயச் சந்தையிலும் வியாபாரம் நின்றது. மன்றத்தின் கடனுக்கு உறுப்பு நாடுகள் பொறுப்பல்ல என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. விலை ஏறக்குறையப் பாதியானது. 1980ல் சுமார் 61 ஆயிரம் டன் எடுத்த மலேசியா, 1990களின் நடுவில் அதில் பத்தில் ஒரு பங்குதான் எடுத்தது. நூற்றுக்கணக்கான லம்பங்கள் மூடின.

ரவாங்கில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் கார் தொழிற்சாலையும் இருக்கின்றன. ஈயத்துக்கும் மறுவாழ்வு உண்டு. உலக ஈயத்தில் ஏறக்குறையப் பாதி, மின்னணுத் தகடுகளில் பற்றவைக்கப் போகிறது. நம் கைப்பேசி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இருக்கிறது. 2022 மார்ச்சில் டன் 48 ஆயிரம் டாலரைத் தாண்டிய விலை, அதே ஆண்டுக்குள் இருபதாயிரத்துக்குக் கீழே வந்தது. மாறாத குணம்.

விலை செய்தி சொல்வதில் கெட்டி. எங்கே மின்சாரம் போடலாம், எந்தக் குழியை மூடலாம் என்று எந்த அதிகாரியைவிடவும் வேகமாக அது சொல்லிவிடும். நட்டத்தை யார் சுமப்பது என்று மட்டும் சொல்லாது. அதை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். மலேசியா லண்டனில் விலையைத் தாங்கப் போனது 1981ல். வேலை இழந்தவருக்குச் சில மாதங்களாவது பணம் தரும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2018ல். இந்த இரண்டும் வரிசை மாறி வந்திருந்தால், லம்பத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வெறுங்கையோடு போயிருக்க வேண்டியதில்லை.